நான் வயரைப் பிடுங்கவில்லை

அன்பு மகனுக்கு,

உன் அம்மா கைபேசியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனால், எடுத்திருப்பது நீதான் என்று எனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்குப் பிறகு அந்த மரம்தான் உங்கள் இரண்டு பேருக்கும் தபால் கந்தோர். அவா அங்கே நின்று சிரிப்பா, மூக்கைச் சிந்துவா, அன்றைக்கு என்ன கறி என்பதை உப்புப் புளியோடு சொல்லுவா. நான் வாசலில் இருந்து வலை பொத்துவதுபோலக் காட்டிக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவிடுவேன். "அப்பா இஞ்சதான் நிக்கிறார், குடுக்கட்டோ?" என்று அவா கேட்பது கேட்கும். பிறகு "சரி, சரி, உன்ர விருப்பம்" என்பா. அதன் பிறகு குசினிக்குள் சட்டி பானைகள் படுகிற பாட்டிலிருந்து நீ என்ன சொன்னாய் என்று எனக்கு விளங்கிவிடும். என்னோடு கதைக்க மாட்டேன் என்கிறாய். நல்லது, கதைக்காதே. வாசி. நான் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் அம்மா படம் பிடித்து அனுப்புவா. அவா படம் பிடித்தால் தாளில் பாதியும் மேசையில் பாதியும்தான் வரும், அதைப் பொறுத்துக்கொள்.

முதலில் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மெல்பேர்ன் மண்டபத்தில், கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து நீயும் ஜெசிந்தாவும் மேடையில் நிற்க, "ஊரிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனாரின் ஆசீர்வாதம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, வீடியோவில் என்னைக் காட்டிய அந்த நேரம் பார்த்து நான் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிவிட்டேன் என்பது உன் எண்ணம். அதற்கு ஆதாரமாக ஒரு படமும் வைத்திருக்கிறாய். பெரிய திரையில் நான் உறைந்து நின்ற கடைசிக் கணம் அது. வாய் திறந்திருக்கிறது. வலக்கை ரூட்டர் இருந்த பக்கம் நீண்டிருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட கோழிக்கள்ளன் மாதிரித்தான் இருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். கனடாவிலிருக்கிற உன் பெரியம்மாவுக்கும் அந்தப் படம் போய், அவா அதை எனக்கே திருப்பி அனுப்பி, "இதென்ன வேலை?" என்று கேட்டுவிட்டா. மகன், புனித அந்தோனியார் அறிய எழுதுகிறேன். நான் வயரைப் பிடுங்கவில்லை. நான் வயரைக் கட்டினேன். வில்லங்கம் முழுக்க அந்தக் கட்டிலேதான்.

நீ என்னைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. பெண்ணைப் பற்றி நீ முதன்முதல் சொன்னபோது ஊர் எது என்று கேட்டேன். துணுக்காய் என்றாய். துணுக்காயில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குளம் இருக்கிறது என்றாய். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "குளத்து மீன் தின்னுற வீட்டிலையோ பெண் எடுக்கப் போறாய்?" என்று கத்தினேன். அவர்களும் நம்மைப்போல வேதக்காரர்தானே, வயல் செய்கிற நல்ல கமக்காரக் குடும்பம்தானே, பெண் படித்து உத்தியோகம் பார்க்கிறாள்தானே என்று அம்மா குறுக்கே விழுந்தா. வேதம் ஒன்றுதான், மீன் வேறு என்றேன். நீயும் என் பிள்ளை அல்லவா, விட்டுக்கொடுப்பாயா? கடல் மீன் தின்று வளர்ந்த நீங்கள் அப்படி என்ன பெரிய அறிவாளி என்று கேட்டாய். பதில் இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான், சத்தத்தைக் கூட்டுவான். "அப்பிடியெண்டா என்ர ஆசீர்வாதம் கேட்டு வராதை" என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து நம் வீட்டில் மீன் இல்லை. நான் கரைக்குக் கொண்டுவந்ததை எல்லாம் அம்மா அங்கேயே விற்றுவிட்டு, மத்தியானத்துக்குப் பருப்பும் பூசணிக்காயும் வைத்தா. இரவுக்குப் பூசணிக்காயும் பருப்பும். "என்ன, தவக்காலமே?" என்று கேட்டேன். "கடல் மீனெண்டாலென்ன, குளத்து மீனெண்டாலென்ன, போறது அந்த ஒரு வாய்க்குள்ளதானே. அது கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்" என்றா. படகு வைத்திருக்கிற சம்மாட்டி என்று ஊரில் பெயர், வீட்டில் பூசணிக்காய்.

ஆனால் நான் இறங்கி வந்தது பூசணிக்காயால் அல்ல. அம்மா அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறா, நீ நம்பாதே. ஜெசிந்தா வேலையிடத்தில் நிற்கிற படமொன்றை நீ அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய். தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் வார், பின்னால் வானத்தை முட்டுகிற தொலைபேசிக் கோபுரம், தோளில் ஒரு சுருள் கறுப்பு வயர். அம்மா முகத்தைப் பார்த்தா. நான் சுருளைப் பார்த்தேன். வட்டத்தின்மேல் வட்டமாக, ஒரு முறுக்கில்லை, ஒரு மடிப்பில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கே கயிறு அப்படிச் சுருட்ட வராது. பக்கத்து வீட்டு மரியதாஸ் சுருட்டினால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், அவனுக்கும் கிட்டத்தட்ட என் வயது. குளத்தங்கரையில் பிறந்த இந்தப் பெட்டைக்கு இதை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். "எப்பிடிப் பிள்ளை?" என்று அம்மா கேட்டா. "ம்" என்றேன். அந்த "ம்" தான் என் சம்மதம். அன்றைக்கே உன்னிடம் வாய் திறந்து சொல்லியிருந்தால் இவ்வளவு தாள் செலவில்லை.

மேடைக்கு ஆசீர்வாதம் சொல்ல நான் வருவேன் என்று அம்மா உனக்குச் சொல்லிவிட்டா, பிறகு உன் பெட்டி வந்தது. நம் கரையில் சிக்னல் என்பது கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் வரும், இறங்கினால் போகும். அதற்காக நீ யாரிடமோ கொடுத்தனுப்பிய அன்ரனா, ரூட்டர், இரண்டு முனையிலும் தங்க நிறத்தில் கொனெக்டர் பூட்டிய கறுப்பு வயர். கூடவே வயரைப் பற்றி உன் குரலில் ஒரு பிரசங்கம்: வெட்டக்கூடாது, மடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, நீட்டக்கூடாது. சொன்னபடி எல்லாம் செய்தேன். அன்ரனாவைக் கூரைக்கு மேல் குழாயில் ஏற்றி, வயரை வளைவு வளைவாக இறக்கி, கையால் மட்டும் முறுக்கிப் பூட்டினேன். வீட்டுக்குள் சிக்னல் வந்தது. அம்மா கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் குசினி அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்த்தா. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கலியாணத்தைப் பார்க்கக் கரையே வருகிறது என்றார்கள். கரை முழுக்க நம் விறாந்தைக்குள் அடங்குமா? முற்றத்தில் பந்தல் போட்டோம். ரீவியும் ரூட்டரும் பந்தலுக்குள் வந்தன. வயர் எட்டவில்லை.

இந்த இடத்தில்தான் மரியதாஸ் வாயைத் திறந்தான். "அண்ணை, அன்ரனாவைக் கூரையில வைச்சு என்ன பிரியோசனம்? பந்தலுக்குப் பக்கத்தில பனை நிக்குது. அதின்ர தலை வட்டுக்குள்ள ஏத்தினால் மெல்பேர்னே தெரியும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. உயரம் என்றால் நல்லதுதானே? பனையில் ஏற்றினான். இப்போது வயர் இன்னும் எட்டவில்லை. "என்ர வீட்டு டிஷ்ஷில மிஞ்சின வயர் கிடக்கு" என்று ஒரு துண்டைக் கொண்டுவந்தான். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. அதுவும் உருண்டை, இதுவும் உருண்டை. உன் வயரின் ஒரு முனையை வெட்டினேன். உள்ளே பார்த்தால் நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று, அதற்கு மேல் மெல்லிய கம்பியால் வலை பின்னியிருக்கிறது. பின்னலைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம், இது நம்மட சாமான் என்று. நான் மடையன் இல்லை, மகன். செம்பைச் செம்போடு முறுக்கினேன், பின்னலைப் பின்னலோடு முறுக்கினேன், நடுவில் டேப்பும் சுற்றினேன். ஆனால் முறுக்கியது நிற்குமா? காற்றடித்தால் பனை ஆடும். அதனால் இரண்டு வயரையும் சேர்த்து, நங்கூரக் கயிற்றுக்குப் போடுகிற கட்டைப் போட்டேன். சோளகக் காற்றிலும் கச்சான் காற்றிலும் படகைப் பிடித்து நிறுத்துகிற கட்டு அது. என் வாழ்நாளில் நான் போட்ட கட்டு ஒன்று அவிழ்ந்தது என்று இந்தக் கரையில் யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

கட்டிவிட்டுச் சோதித்தும் பார்த்தேன். எப்படி என்று கேள். தொங்கினேன். இரண்டு காலும் நிலத்தில் படாமல், முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினேன். கட்டு ஒரு நூல் அசையவில்லை. "கப்பல் கட்டலாம் அண்ணை" என்றான் மரியதாஸ். அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, "அவன் இழுக்கவேண்டாமெண்டு சொன்னவன், இவர் ஊஞ்சல் ஆடுறார்" என்றா. ரீவியைப் போட்டோம், படம் வந்தது. பிறகென்ன பயம்? அன்று பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆசீர்வாதத்தைச் சொல்லிப் பழகினேன். ஓம், பழகினேன். ஒரு கிழமையாகவே பழகிக்கொண்டிருந்தேன், கடலில் வலையை இறக்கிவிட்டு இருக்கிற நேரத்தில்கூட. மரியதாஸிடம் கேட்டுப் பார். அவனுக்கு என் ஆசீர்வாதம் முழுக்க மனப்பாடம்.

கலியாணத்தன்று காலை, முற்றத்தில் ஊரே கதிரை போட்டு இருக்கிறது. ஐஸ் பெட்டிக்கு மேல் ஐஸ் பெட்டி அடுக்கி, அதன்மேல் கைபேசியை என் முகத்தைப் பார்க்க வைத்திருக்கிறோம். நான் வேட்டி கட்டி, நீ அனுப்பிய சேட் போட்டு நிற்கிறேன். கோயிலில் தாலி கட்டியதை அரைகுறையாகப் பார்த்தோம். காற்று எழும்பி, பனை ஆடத் தொடங்கியது. அது ஆட ஆட நீங்கள் சதுரம் சதுரமாக உடைந்தீர்கள். உன் மூக்கு ஜெசிந்தாவின் காதுக்குப் போனது. கேக் வெட்டும்போது அவளுடைய கை இருந்தது, கத்தி இருந்தது, நீ இல்லை. "மாப்பிள்ளை ஓடிட்டார்" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, முற்றம் சிரித்தது. பிறகு மண்டபத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். காற்று ஒரு கணம் நின்றது. படம் துடைத்து வைத்த மாதிரி முழுசாக வந்தது. நான் "மகன்" என்றேன். அவ்வளவுதான் உனக்கு வந்து சேர்ந்தது. கை ஏன் நீண்டது என்பதைப் பிறகு எழுதுகிறேன், அவசரப்படாதே.

அன்று பின்னேரம் அம்மா கிணற்றுக்கட்டில் ஏறி நின்று உன்னைப் பிடித்து, கைபேசியை என் காதில் வைத்தா. நீ எடுத்த எடுப்பிலேயே, "விருப்பமில்லையெண்டா முதலே சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால பிடுங்கித்தான் காட்டவேணுமோ?" என்றாய். நான் காலையிலிருந்து ஒரு பிடி சோறு தின்னவில்லை. ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டு நிற்கிறேன். எனக்கு வந்த கோபத்தில், "ஓம், பிடுங்கினனான்! இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று கத்திவிட்டேன். நீ வைத்துவிட்டாய். கிணற்றுக்கட்டில் நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கிணற்றுக்குள் விழாமல் தப்பியதே பெரிய காரியம். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று கத்துகிறவனுக்கு என்ன பெயர் என்று கேட்டா. பெயரையும் அவாவே சொன்னா, அதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு நீயில்லை, உன் மனைவிதான் எடுத்தாள். அம்மாவின் கைபேசிக்கு எடுத்து, "மாமாட்டக் குடுங்கோ மாமி" என்றாளாம். குளத்து மீன் கதை அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். "மாமா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்க பிடுங்கினீங்களோ?" என்றாள். "இல்லைப் பிள்ளை" என்றேன். "அது எனக்குத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பிடுங்கினால் வெட்டின மாதிரி ஒரேயடியாப் போகும். உங்கட படம் அப்பிடிப் போகேல்லை. உடைஞ்சுது, வந்துது, திரும்ப உடைஞ்சுது, எதோ காத்துக்கு ஆடுற மாதிரி ஆடி ஆடித்தான் போனது. மண்டபத்தில எடுத்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அது ஒரு இணைப்புப் பிழை மாமா. என்ர உத்தியோகமே உதைத் தேடிப் பிடிக்கிறதுதான். எங்க, வயரைக் காட்டுங்கோ பாப்பம்" என்றாள்.

மரியதாஸ் கிணற்றுக்கட்டில் நின்று கைபேசியைப் பிடிக்க, நான் கட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் திரையிலிருந்து மறைந்துவிட்டாள். மறுபடியும் லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பிள்ளை நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மாமா… இது என்ன கட்டு மாமா?" நான் பெயரும் விளக்கமும் சொன்னேன். தொங்கிப் பார்த்ததையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டில பிழையில்லை. இவ்வளவு பலமான இணைப்பை நான் கோபுரத்தில கூடக் காணேல்லை. ஆனால் மாமா, இந்த வயருக்குப் பலம் தேவையில்லை. சிக்னல் சும்மா செம்புக்குள்ளால மட்டும் போறேல்லை. நடுச் செம்புக்கும் வெளிப் பின்னலுக்கும் இடையில, அந்த வெள்ளைக்குள்ளாலதான் போகுது. அந்த இடைவெளி துவக்கத்தில இருந்து கடைசி மட்டும் ஒரே அளவா இருக்கவேணும். நசிச்சால் அளவு மாறும். டிஷ் வயரின்ர அளவு வேற, இதின்ர அளவு வேற. மாறுற இடத்தில வந்ததில ஒரு பங்கு திரும்பிப் போயிடும்" என்றாள். எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. கடலோடு சேருகிற களப்பு வாயில் மணல் திட்டு விழுந்தால் அலை உள்ளே வராமல் உடைந்து திரும்புவதை நான் காணாததா? "காத்துக்குப் பனை ஆட, உங்கட பின்னல்ல ஒரு கம்பி செம்பைத் தொட்டுத் தொட்டு விட்டிருக்கு. கடைசியா ஆசீர்வாதத்துக்குத் தொட்டிட்டுது" என்றாள். நங்கூரக் கட்டை வெட்டி எறியச் சொன்னாள். வெட்டினேன் மகன். சொந்தக் கையால் வெட்டினேன். மரியதாஸ் தொப்பியைக் கழற்றினான்.

வெட்டிய முனைக்குப் புதுக் கொனெக்டர் பூட்ட வேண்டும், அதற்கான ஆயுதம் வேண்டும் என்று சொல்லி, அவளே விசாரித்து, பரந்தன் சந்தியில் ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். அம்மாவும் நானும் வயரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கடைக்காரர் கொனெக்டர்ப் பெட்டியைத் திறந்து, "ஆணோ, பெண்ணோ?" என்று கேட்டார், கொனெக்டரிலும் அந்த இரண்டு வகை உண்டாம். "ஆண்தான், இப்பதான் கலியாணம் முடிச்சவர்" என்றா உன் அம்மா. கடை சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஜெசிந்தா கைபேசிக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தோலைச் சீவி, பின்னலை விரித்து, கொனெக்டரைச் செருகி, ஆயுதத்தால் நெரிக்கப் போனார். "அண்ணை, நில்லுங்கோ. ஒரு மயிர்க்கம்பி உள்ளுக்க நிக்குது" என்றாள். "தங்கச்சி, இவ்வளவும் போதும்" என்றார் அவர். "போதாது அண்ணை. வெட்டிப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ" என்றாள். வெட்டினார். திரும்பச் செய்தார். செம்பு ஒரு நகத்தளவு நீண்டுவிட்டது என்றாள். மறுபடி வெட்டினார். அந்த மனிதனுக்கு வியர்த்துவிட்டது. பல்ப் வாங்க வந்தவர்கள் பல்பை மறந்து நின்றார்கள். "யாரப்பா உது, கட்டளை போடுற ஆமிக்காரியோ?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நெஞ்சை நிமிர்த்தி, "என்ர மருமகள்!" என்றேன். கடைக்கு வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. வீட்டுக்கு வந்து மீன்கறி வைத்தா.

இப்போது அன்ரனா திரும்பவும் கூரையில். வயர் ஒரே துண்டு. உப்புக்காற்று புகாமல் இருக்க ஜெசிந்தா சொன்ன டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறேன். படம் கண்ணாடி மாதிரி வருகிறது. ஆனால் வருகிற முகங்களில் நீ இல்லை. ஜெசிந்தா உனக்கு எல்லாம் சொன்னாளாம். "அவரே பிடுங்கினனான் எண்டு ஒத்துக்கொண்டிட்டார், நீ என்ன அவருக்கு வக்கீலோ?" என்று கேட்டாயாம். அதனால்தான் "மாமா, நீங்களே எழுதுங்கோ" என்றாள்.

நம்மட கோயில் சுவாமி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஞாயிறு பிரசங்கத்தில் புருஷனும் பெண்சாதியும் வயரும் கொனெக்டரும் என்று தொடங்கிவிட்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நான் எதையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புகிறவன். கலியாணம் முடித்த புதிதில் உன் அம்மாவோடு ஏதோ வாய்த்தர்க்கம் வந்து, "விருப்பமில்லையெண்டால் உன்ர தாய் வீட்டை போ" என்றேன். போவாவா என்று பார்க்கத்தான் சொன்னது. அடுத்த பஸ்ஸில் போய்விட்டா. நான் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டு படலையில் போய் நின்றேன். உன் தாத்தா மீனை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். உன்னிடம் ஆசீர்வாதம் இல்லை என்று சொன்னதும் அந்த மாதிரித்தான். நீ எவ்வளவு தூரம் நிற்பாய் என்று இழுத்துப் பார்த்தேன். நீ நின்றாய். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், ஆனால் உனக்கு வலித்திருக்கிறது. மகன், நீ ஜெசிந்தாவை இழுத்துப் பார்க்காதே. அவள் "தொடவேண்டாம்" என்று சொன்ன இடத்தைத் தொடாதே. சண்டை வந்தால் அந்த ஒரு நேரத்து முகத்தைப் படம் பிடித்து மனதில் மாட்டி வைக்காதே. அதற்கு முன்னும் பின்னும் அவள் என்ன செய்தாள் என்று அவளிடமே கேள்.

கைக்கு வருகிறேன். இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா தலைமாட்டில் நின்று, "எழுதுங்கோ, இல்லையெண்டால் நான் எழுதுவன்" என்கிறா. அன்று வெயில் படாமல் ரூட்டருக்கு மேல் என் தோள் துவாயைப் போட்டு மூடியிருந்தேன். காற்று நின்று படம் முழுசாக வந்தபோது உன்னைப் பார்த்தேன். கோட் போட்டு, தாடி வைத்து, பெரிய மனிதன். ஆனால் கையைப் பொத்திக்கொண்டு, இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்த முகத்தோடு நின்றாய். உன் கலியாண நாளில், அத்தனை பேருக்கு முன்னால், என் பிள்ளை எனக்குப் பயந்துகொண்டு நிற்கிறான். "மகன்" என்றேன், மேலே வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று துவாயை எடுக்கக் கையை நீட்டினேன். அந்தப் படத்தில் நீ காண்பது அதுதான்.

பிறகு திரை கறுத்துவிட்டது. "லைன் போயிட்டுது, இஞ்சேருங்கோ, லைன் போயிட்டுது" என்று அம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தா. நான் நிறுத்தவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தக் கறுப்பைப் பார்த்து முழுவதையும் சொன்னேன். பழகியதில் ஒரு சொல்லும் வரவில்லை, வேறு ஏதோதான் வந்தது. இதுதான் நான் சொன்னது:

"மகன், ஆசீர்வாதம் இல்லையெண்டு சொன்னது என்ர வாய். அது எனக்கே அடங்காது, கொம்மாட்டக் கேள். நீ பிறந்த அண்டைக்கே உனக்கு அதைத் தந்திட்டன், இனித் திருப்பி வாங்கேலாது. பிள்ளை ஜெசிந்தா, இவன் கோபத்தில என்னை மாதிரி, பசியில தாயை மாதிரி. ரெண்டும் ஒண்டா வந்தால் முதல் சோத்தைக் குடு, பிறகு ஞாயத்தைக் கதை. உங்கட வீட்டு மீனைப் பற்றி நான் சொன்னது பிழை. நான் அதை ஒருநாளும் தின்னேல்லை, தின்னாமல்தான் சொன்னனான். ரெண்டு பேரும் வரேக்க கொண்டுவாங்கோ, தின்னுறன். நல்லா இருங்கோ பிள்ளையள். ஆண்டவர் உங்களைக் காப்பாத்துவார்."

முற்றத்தில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். மரியதாஸ் அழுதான், பிறகு சாப்பாடு எப்போது என்று கேட்டான்.

அதற்குப் பிறகு நெற்றியில் சிலுவை போடவேண்டும். நீ முன்னால் இல்லை, படத்திலும் இல்லை. என்ன செய்வது? உன் நெற்றி எந்த இடத்தில் இருந்தது என்று குத்துமதிப்பாகப் பார்த்து, ரீவிக் கண்ணாடியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டேன். பக்கத்தில் ஜெசிந்தாவுக்கும் ஒன்று. இந்தக் கடைசித் தாள் வந்து சேர்ந்ததும் எடு, மகன். நான் வலையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகமாட்டேன், ரீவிக்கு முன்னால்தான் இருப்பேன். உன் அம்மா ஒவ்வொரு நாளும் வீட்டில் இருக்கிற கதிரை, அலுமாரி, அந்தோனியார் சுருபம் எல்லாம் துடைக்கிறா, ரீவியையும் துடைக்கிறா. அந்த இரண்டு இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைக்கிறா.

உன் அப்பா